வீட்டு சர்வர் படுத்துவிட்டால்: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை 4-ம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு மினி கம்ப்யூட்டரும் ராப்பகலாக ஓடுகின்றன. பையில் பை-ஹோலும் (விளம்பரத்தைத் தடுக்கும் டிஎன்எஸ் சர்வர்) வயர்கார்டும் (விபிஎன் சுரங்கம்). மினி கம்ப்யூட்டரில், ஒவ்வொரு ஆப்பையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்குள், குடும்பப் படங்கள், வீடியோ பார்க்க ஜெல்லிஃபின், கோட் வைக்க கிட்டீ. அதோடு அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டுக்குப் பதிலாக நான் பைத்தானில், ஃபிளாஸ்க் வைத்து எழுதிய ஒரு சின்ன ஆப். மற்றதெல்லாம் ஒரு நாள் நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள். கணக்கு ஆப் பத்து நிமிஷம் நின்றால் கடையிலிருந்து போன் வந்துவிடும். அதனாலேயே பிழை தேடுவதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கற்றுக்கொண்டதில் முதல் விஷயம்: உடனே ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பண்ணுங்கள். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சொன்ன செய்திகள், அதாவது ‘டிமெசேஜ்’ கட்டளையில் வருபவை, ராமில்தான் இருக்கும். பவரை அணைத்ததும் போய்விடும். ஜர்னலும் (சிஸ்டத்தின் பொது லாக்) சில கணினிகளில் டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை. டாக்கரில் ‘கம்போஸ் டவுன்’ கொடுத்தால் கன்டெய்னரோடு அதன் லாக்கும் சேர்ந்து அழிகிறது. ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் ஓடத் தொடங்கும், நாமும் நிம்மதியாகத் தூங்கப் போவோம், அடுத்த வாரம் அதே நேரத்தில் அதே பிழை வரும், கையில் ஒரு தடயமும் இருக்காது.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படியில் நிற்கிறது?

"சர்வர் வேலை செய்யவில்லை" என்பது அறிகுறி அல்ல. எதுவரைக்கும் போக முடிகிறது, எங்கே முட்டுகிறது என்பதுதான் அறிகுறி. நான் கீழிருந்து மேலே ஏறுவேன். வீட்டு வைஃபையில் இருந்தபடி சர்வரின் ஐபிக்கு பிங் போகிறதா? எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து டெர்மினல் திறக்கும் வழி) நுழைய முடிகிறதா? உள்ளே போன பிறகு, அங்கிருந்தே ‘கர்ல்’ வைத்து அந்த ஆப்பின் போர்ட்டைக் கேட்டால் பதில் வருகிறதா? இன்னொரு கணினியிலிருந்து அதே ஐபி, அதே போர்ட்டைக் கேட்டால்? டொமைன் பெயரில் கேட்டால்? கடைசியாக வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் கேட்டால்? எந்தப் படியில் முதன்முதலாக "இல்லை" வருகிறதோ, அந்தப் படிக்கும் அதற்கு முந்தைய படிக்கும் நடுவில்தான் பிழை இருக்கிறது. மேலே உள்ள எதையும் தொட வேண்டாம்.

பிரவுசர் சொல்லும் வார்த்தையையும் கவனமாகப் படியுங்கள். ‘கனெக்‌ஷன் ரெஃபியூஸ்டு’ என்றால் பெரும்பாலும் கணினி வரை போய்ச் சேர்ந்துவிட்டோம், அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. ஆப் செத்திருக்கிறது அல்லது வேறு போர்ட்டில் நிற்கிறது. ‘டைம்டு அவுட்’ என்றால் நாம் அனுப்பியது வழியிலேயே காணாமல் போகிறது. ஃபயர்வால், தவறான ஐபி, அல்லது இன்டர்நெட் கம்பெனியின் நாட் (ஒரே பொது ஐபியைப் பல பேருக்குப் பகிரும் ஏற்பாடு) என்று போக வேண்டும். பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அது டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை. சர்வரைத் தொடவே வேண்டாம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதி நேரம் மிச்சம்.

பிங்கே போகவில்லை

லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து சர்வருக்கு இப்போது என்ன ஐபி கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுத்திருப்பது ரொம்பச் சாதாரணம். ரவுட்டரிலேயே சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் சொந்த எண்) ஒரு ஐபியை ஒதுக்கி வைத்துவிட்டால் இது திரும்ப வராது.

கரண்ட் வந்த பிறகு மினி கம்ப்யூட்டர் தானாக எழவில்லை என்றால் பயாஸில் பாருங்கள். மின்சாரம் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை "ஆன்" என்று மாற்ற வேண்டும். ராஸ்பெர்ரி பைக்கு அந்தத் தேவை இல்லை, மின்சாரம் வந்தால் எழுந்துவிடும்.

இன்வெர்ட்டர் இருந்தும் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிறதா? நம் வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பின்பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், சாதாரண மோட், யூபிஎஸ் மோட் என்று. சாதாரண மோடில் பேட்டரிக்கு மாறச் சற்று நேரம் எடுக்கும். ஃபேனுக்கும் டியூப்லைட்டுக்கும் அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். யூபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அதே லைனில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சர்வர் மட்டும் விழித்திருந்து ரவுட்டர் தூங்கினால் பயன் இல்லை.

பை திடீர் திடீரென்று தொங்குகிறது, யூஎஸ்பி டிஸ்க் காணாமல் போகிறது

பை 4-க்குக் கேட்கப்பட்டிருப்பது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். பழைய போன் சார்ஜரும் மெலிந்து நீண்ட கேபிளும் போட்டால், பை உழைக்கத் தொடங்கிய கணத்தில் வோல்டேஜ் சரியும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். ‘விசிஜென்சிஎம்டி கெட் த்ராட்டில்ட்’ என்று கேட்டுப் பாருங்கள். 0எக்ஸ்0 என்று வந்தால் மின்சாரமும் சூடும் சரி. 0எக்ஸ்50000 என்று வந்தால், இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் பூட் ஆனதிலிருந்து ஒரு முறையாவது வோல்டேஜ் குறைந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கடைசி இலக்கம் 5 ஆக இருந்தால், இந்த நிமிஷமே அந்தக் கஷ்டம் நடந்துகொண்டிருக்கிறது. இந்தக் கணக்கும் ரீஸ்டார்ட் ஆனால் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். அதனால்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

பை 4-ன் நான்கு யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து தரக்கூடியது சுமார் 1.2 ஆம்பியர்தான். இரண்டு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கை நேரடியாகச் செருகினால் ஒன்று சுழலத் தொடங்கும்போது இன்னொன்று துண்டிக்கப்படலாம். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று வாங்கியதோடு எனக்கு அது தீர்ந்தது.

‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தால் அது வேறு கதை. டிஸ்க்கிலோ எஸ்டி கார்டிலோ கர்னல் தவறைக் கண்டு, மேலும் கெடாமல் இருக்க எழுதுவதை நிறுத்தியிருக்கிறது. அந்த நிலையிலேயே, படிக்க முடியும்போதே, வேண்டியதை வேறு கணினிக்கு நகல் எடுங்கள். பிறகு புது கார்டு போடுங்கள். பழைய கார்டைச் சரிசெய்து மறுபடி நம்புவதை நான் விட்டுவிட்டேன்.

கரண்ட் வந்த பிறகு படங்கள் எல்லாம் காணோம்

இதில் கொஞ்சம் நிற்கிறேன். எனக்கு மிகவும் பயத்தைக் கொடுத்த அறிகுறி இது.

அப்போது எல்லாமே பையில்தான், 32 ஜிபி கார்டில். படங்கள் மட்டும் 2 டிபி வெளி டிஸ்க்கில். போனிலிருந்து வரும் படங்களை வாங்கி அடுக்க நானே ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போன கரண்ட் சாயங்காலம் வந்தது. ராத்திரி அம்மா போனை நீட்டி, "தம்பி, சீமந்தப் படம் ஒண்ணையும் காணோம்ப்பா. இன்னிக்கு எடுத்த நாலு மட்டும்தான் இருக்கு" என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். படங்கள் இருக்க வேண்டிய ஃபோல்டரில் அன்றைய தேதி மட்டும். ஏழு வருஷம் இல்லை. கை நடுங்கிற்று.

நல்லவேளை, எதையும் அழிக்கவில்லை, ரீஸ்டார்ட்டும் செய்யவில்லை. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிஎல்கே’ என்று அடித்தேன். டிஸ்க் இருந்தது, அதற்கு எதிரே மவுன்ட் ஆன இடம் (டிஸ்க் எந்த ஃபோல்டரில் இணைந்திருக்கிறது) என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பூட் ஆகும் நேரத்தில் டிஸ்க் தயாராகவில்லை, எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் இணைய வேண்டும் என்று சொல்லும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் ‘நோஃபெயில்’ என்று போட்டிருந்ததால் கணினி காத்திராமல் மேலே போய்விட்டது. மவுன்ட் ஆகாத ஃபோல்டர் என்பது கார்டில் உள்ள ஒரு வெறும் ஃபோல்டர். என் ப்ரோகிராம் அதில் படங்களை எழுதத் தொடங்கிவிட்டது. ஏழு வருஷப் படங்களும் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருந்தன.

உங்களுக்கு இப்படி வந்தால்: முதலில் எழுதிக்கொண்டிருக்கும் ஆப்பை நிறுத்துங்கள். வெறும் ஃபோல்டரில் விழுந்த புதுப் படங்களை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு டிஸ்க்கை மவுன்ட் செய்யுங்கள். நகர்த்தாமல் மவுன்ட் செய்தால் அந்தப் படங்கள் டிஸ்க்கின் அடியில் மறைந்துபோகும். இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது, கார்டில் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். ஏற்கெனவே மவுன்ட் செய்துவிட்டால், கார்டின் ரூட் ஃபைல் சிஸ்டத்தை வேறொரு ஃபோல்டரில் ‘பைண்ட் மவுன்ட்’ செய்து அதன் வழியாக உள்ளே போனால் அடியில் கிடப்பது தெரியும்.

திரும்ப வராமல் இருக்க நான் மூன்று காரியம் செய்தேன். ‘எஃப்எஸ்டேப்’பில் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை எடுத்துவிட்டு யூயூஐடி (டிஸ்க்கின் தனி அடையாள எண்) போட்டேன், டிஸ்க்குகள் எழும் வரிசை மாறினால் அந்த எழுத்துகளும் மாறிவிடும், யூயூஐடி மாறாது. ‘நோஃபெயில்’ மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது இல்லாவிட்டால் டிஸ்க் வராத நாளில் கணினி எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், மானிட்டரும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு அலமாரிக்கு ஓட வேண்டும். இரண்டாவது, டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்த வெறும் ஃபோல்டருக்கு ‘சிஎச்அட்டர் +ஐ’ கொடுத்தேன். இனி டிஸ்க் இல்லாதபோது அதில் ரூட் பயனர்கூட எழுத முடியாது, ஆப் பிழை சொல்லி நிற்கும். அப்படி நிற்பதுதான் நமக்கு வேண்டியது.

மூன்றாவது, டிஸ்க்குக்குள் ஒரு அடையாளக் கோப்பு வைத்தேன். அது கண்ணில் படாவிட்டால் என் ப்ரோகிராம் தொடங்கவே தொடங்காது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கணினிகளுக்கு இடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எஸ்டிஃபோல்டர் என்ற பெயரில் புள்ளியோடு தொடங்கும் ஒன்றை வைக்கிறது. அது இல்லாவிட்டால் ஒத்திசைவை நிறுத்திவிடும். படங்களை அடுக்கும் இம்மிச்சும் தன் ஃபோல்டர்களில் அதேபோல் ஒரு குறிக்கோப்பு வைத்துத் தொடங்கும்போது சரிபார்க்கிறது. ஃபோல்டர் காலியாக இருப்பதைப் பார்த்து "எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது, மற்ற இடத்திலும் அழித்துவிடுவோம்" என்று ஒரு சிங்க் ப்ரோகிராம் முடிவு செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சொந்தமாகக் கோட் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இரண்டு வரிதான்.

இடம் இல்லை என்கிறது

‘டிஎஃப் -ஹெச்’ நூறு சதவீதம் காட்டினால் எது தின்கிறது என்று தேட வேண்டும். டாக்கர் வைத்திருக்கும் வீடுகளில் முதல் சந்தேகம் லாக் மேல். டாக்கர் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேசன் லாக்குக்குத் தானாக எந்த வரம்பும் கிடையாது. வாயாடி ஆப் ஒன்று மாதக்கணக்கில் பேசினால் பல ஜிபி போய்விடும். டீமன் அமைப்பில் மேக்ஸ்-சைஸ் 10 எம்பி, மேக்ஸ்-ஃபைல் 3 என்று போட்டுவிட்டு, கன்டெய்னர்களைப் புதிதாக உருவாக்குங்கள். பழைய கன்டெய்னருக்கு அது தானாகப் பொருந்தாது.

‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ மற்ற கணக்கைச் சொல்லும். பழைய இமேஜ்களை ‘ப்ரூன்’ செய்யலாம். ஆனால் அதோடு வால்யூம்ஸ் (கன்டெய்னர்களின் தரவு இருக்கும் இடம்) என்ற சொல்லைச் சேர்க்கும் வழிமுறை எங்கே பார்த்தாலும் கையை எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் கன்டெய்னர் அந்த நேரம் நீக்கப்பட்டிருந்தால், அதன் வால்யூமும் "யாரும் பயன்படுத்தாதது" என்ற கணக்கில் போய்விடக்கூடும்.

ஜிபி கணக்கில் இடம் இருந்தும் எழுத முடியவில்லையா? ‘டிஎஃப் -ஐ’ பாருங்கள். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு (கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கும். பெரிய கோப்பை அழித்தும் இடம் திரும்ப வரவில்லையா? ஏதோ ஒரு ப்ராசஸ் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அதன் பெயரைச் சொல்லும். அந்த ஒன்றை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணினால் போதும்.

வீட்டில் திறக்கிறது, வெளியே திறக்கவில்லை

கடையிலிருந்து அப்பா கணக்கு போட வேண்டும் என்றபோது இதில்தான் ஒரு வாரம் போயிற்று. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு போட்டேன், ஃபயர்வாலைத் திறந்தேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் டைம்டு அவுட்.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி, அதாவது வெளிப்பக்க ஐபி, என்ற வரியைப் பாருங்கள். பிறகு "என் ஐபி என்ன" என்று சொல்லும் ஏதாவது ஒரு தளத்தில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்ட் ஃபார்வர்டு வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறது. வேறுவேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் உள்ளது 100.64-ல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 எண்கள் தீர்ந்துவருவதால் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அதற்காகவே 2012-ல் அந்த எண் வரிசை ஒதுக்கப்பட்டது. 10-ல் தொடங்கும் எண் வந்தாலும் இதே கதைதான். தெருமுனைத் தபால் பெட்டி ஒன்றுக்கு எல்லா வீட்டுக் கடிதமும் வருகிறது, உங்கள் வீட்டு எண் உறையில் இல்லை. உங்கள் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் அந்தப் பெட்டிக்குக் கேட்காது.

வழிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி கேட்கலாம். ஐபிவி6 கொடுக்கிறார்களா என்று பார்க்கலாம். அதில் நாட் இல்லை, ஆனால் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் உள்ளே வருவதைத் தடுத்திருக்கும், அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறக்க வேண்டும். வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் உள்ள மெய்நிகர் சர்வர்) எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு சுரங்கம் போடலாம். டெயில்ஸ்கேல் போட்டால் இந்த வேலையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். குடும்பத்து ஆட்கள் மட்டும் பயன்படுத்தும் சர்வர் என்றால் வெளி உலகத்துக்கு எதையும் திறக்காமல் கடைசி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கச் சொல்வேன். கடன் கணக்கில் ஊர்க்காரர்கள் பெயரும் தொகையும் இருக்கின்றன. அது பொது இன்டர்நெட்டில் நிற்கக் கூடாது.

நான் எடுத்தது விபிஎஸ்ஸும் வயர்கார்டும். அதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்: சாவி பொருந்தவில்லை என்றால் வயர்கார்டு எந்தப் பிழையும் சொல்லாது, மௌனமாக இருக்கும். ‘டபிள்யூஜி ஷோ’வில் கடைசி ஹேண்ட்ஷேக் என்ற வரியே இல்லாவிட்டால் சாவியையும் யூடிபி போர்ட்டையும் பாருங்கள். சிறிது நேரம் சும்மா இருந்தால் தொடர்பு அறுகிறது என்றால், வீட்டுப் பக்க அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று போடுங்கள். ஹேண்ட்ஷேக் நடக்கிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, படம் உள்ள பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் எம்டியூ (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு). 1420-லிருந்து 1380, 1280 என்று இறக்கிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. பை 4-ல் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எழும். வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை இருக்கிறது. முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரம் வந்தால் மறுமுனை அதை நிராகரிக்கும். நேரத்தைச் சரிசெய்ய டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் அந்தச் சுரங்கம் வழியாகத்தான் போகிறது என்று அமைத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். நேரச் சர்வரை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே விடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, வெளியே திறந்து வீட்டு வைஃபையில் மட்டும் டொமைன் திறக்காவிட்டால், உங்கள் ரவுட்டருக்கு உள்ளிருந்து தன் வெளி ஐபிக்கே திரும்பி வரத் தெரியவில்லை. பை-ஹோலில் அந்தப் பெயருக்குச் சர்வரின் உள் ஐபியைப் பதிந்துவிடுங்கள்.

502 பேட் கேட்வே

நுழைவாயிலில் நின்று கோரிக்கைகளை உள்ளே உள்ள ஆப்களுக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் அல்லது கேடி நலமாக இருக்கிறது. அது உள்ளே கூப்பிட்ட ஆள் பதில் சொல்லவில்லை. சொந்தமாக எழுதிய ஆப்பை முதன்முறை கன்டெய்னரில் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஃபிளாஸ்க் வழக்கமாக 127.0.0.1-ல் மட்டும் கேட்கும். கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டுமே. பக்கத்துக் கன்டெய்னர் கூப்பிட்டால் அதன் காதில் விழாது. 0.0.0.0 என்று மாற்றுங்கள். அதேபோல் என்ஜின்எக்ஸ் அமைப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்தால், அது தன்னையே தேடிக்கொண்டிருக்கும். கம்போஸ் கோப்பில் உள்ள சர்வீஸ் பெயரை எழுத வேண்டும்.

போர்ட்டைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் வைத்து எல்லாவற்றையும் மூடிவிட்டோம் என்று நம்பியிருப்பீர்கள். டாக்கரில் வெளியிட்ட போர்ட் அந்த விதிகளைத் தாண்டித் திறந்தே இருக்கும், ஏனென்றால் டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் (கர்னலின் ஃபயர்வால் விதிப் பட்டியல்) நேரடியாகச் சேர்க்கிறது. விபிஎஸ்ஸில் டேட்டாபேஸ் ஓடுகிறது என்றால் இப்போதே போய்ப் பாருங்கள். போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து எழுதினால் அந்தக் கணினிக்குள் மட்டும் நிற்கும்.

சான்றிதழ் காலாவதி

ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வழக்கமாக 90 நாள். தானாகப் புதுப்பிப்பது நின்றிருக்கிறது. ஹெச்டிடிபி முறையில் சரிபார்க்க 80-ம் போர்ட் வெளியிலிருந்து எட்ட வேண்டும். "443 மட்டும் போதும்" என்று நீங்களே எப்போதோ மூடியிருக்கலாம். திரும்பத் திரும்ப முயற்சி செய்யாதீர்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை தோற்றால் சற்று நேரம் தடுத்துவிடுவார்கள். அவர்களின் ஸ்டேஜிங் (சோதனை) சர்வரில் வைத்துச் சரிசெய்துவிட்டு உண்மையானதற்கு வாருங்கள். காலாவதி ஆவதற்கு முன் வந்துகொண்டிருந்த நினைவூட்டல் மெயிலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்கள் தாங்களே ஒரு கண்காணிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். அப்டைம் குமா அதைச் செய்யும்.

137 என்று சொல்லிக் கன்டெய்னர் சாகிறது

128-ம் 9-ம் சேர்ந்தது 137. 9 என்பது கில் சிக்னல். டாக்கரை நீங்களே நிறுத்தியிருக்காவிட்டால், பெரும்பாலும் ராம் தீர்ந்து கர்னல் கொன்றிருக்கிறது; ‘டிமெசேஜ்’ஜில் அவுட் ஆஃப் மெமரி என்ற வரி இருக்கும், எந்த ப்ராசஸ் என்றும் சொல்லும். ரீஸ்டார்ட் ஆல்வேஸ் போட்டிருந்தால் இது உங்களுக்குத் தெரியாமலே தினமும் நடந்துகொண்டிருக்கும். படங்களில் முகம் தேடும் வேலையை ஒரே நேரத்தில் ஒன்று என்று குறைத்ததும் எனக்கு நின்றது.

காலைக் கணக்கு முந்தைய நாள் தேதியில்

"தம்பி, இன்னிக்குப் பால் வாங்குனதெல்லாம் நேத்துத் தேதியில நிக்குது. ஆனா அஞ்சரை மணிக்கு மேல போட்டது சரியாயிருக்கு" என்று அப்பா சொன்னார். அவர் கொடுத்த இந்த அறிகுறியைவிடத் துல்லியமான பக் ரிப்போர்ட் எனக்கு வந்ததில்லை. கடை காலை 5 மணிக்குத் திறக்கிறது. கன்டெய்னர் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதாவது காலை 5.30 வரை கன்டெய்னருக்கு இன்னும் நேற்றுதான்.

டிஇசட் என்ற மாறியில் ஏசியா/கொல்கத்தா என்று போட்டால் சரியாக வேண்டும். எனக்கு ஆகவில்லை. நான் எடுத்த ஆல்பைன் (மிகச் சிறிய லினக்ஸ்) இமேஜில் நேர மண்டலத் தகவல் இல்லை. டிஇசட்டேட்டா என்ற பேக்கேஜை நிறுவாதவரை, பெயர் தெரியாததால் சத்தம் போடாமல் யூடிசிக்கே போய்விடுகிறது. நிறுவிய பிறகு ‘டேட்’ அடித்து ஐஎஸ்டி என்று வருகிறதா பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கோடிலும் மாற்றினேன்: சேமிப்பது யூடிசியில், தேதி பிரிப்பது மட்டும் இந்திய நேரத்தில். ராத்திரி 2 மணிக்கு வைத்த பேக்கப் காலை 7.30-க்கு ஓடிக் கடை நேரத்தில் வேகத்தைக் குறைத்ததும் இதே காரணத்தால்தான்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) ஓடவில்லை என்றால் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல். க்ரானுக்கு உங்கள் பாத் தெரியாது. முழு வழியையும் எழுதுங்கள். க்ரான் வரியில் சதவீதக் குறி இருந்தால் அது வரி முடிவாக எடுத்துக்கொள்ளப்படும். தேதி வைத்துக் கோப்புப் பெயர் அமைப்பவர்கள் அதன் முன் ஒரு பின்சாய்வுக்கோடு போட வேண்டும்.

டேட்டாபேஸ் திறக்கவில்லை

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால், இமேஜ் பெயருக்குப் பின்னால் லேட்டஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். உதாரணமாக 15-லிருந்து 16-க்குத் தானாக ஏறியிருக்கும். 15 எழுதிய தரவை 16 அப்படியே திறக்காது. தரவு கெடவில்லை. எண்ணைப் பழையபடி 15 என்று எழுதி எழுப்புங்கள், ‘பிஜி டம்ப்’ எடுங்கள், புதுப் பதிப்பை வெற்று ஃபோல்டரில் எழுப்பி அதில் ஏற்றுங்கள். அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஒரே கோப்பில் இருக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டில் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ வந்தால், ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதப் பார்க்கிறார்கள். எஸ்க்யூலைட் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுத விடும். பைத்தான் ஐந்து விநாடி காத்திருந்துவிட்டுக் கைவிடும். வால் மோடுக்கு (புது எழுத்துகளை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறை) மாற்றினால் எழுதும்போது படிப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதும் பரிவர்த்தனைகளைச் சின்னதாக வையுங்கள். வெளித் தளம் எதையாவது கூப்பிட்டுவிட்டு அதன் பதிலுக்காகப் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். கோப்பு நெட்வொர்க் ஃபோல்டரில் இருந்தால் உள்டிஸ்க்குக்குக் கொண்டுவாருங்கள்.

வால் மோடில் ஒரு எச்சரிக்கை உண்டு. டேட்டாபேஸ் கோப்பை மட்டும் நகல் எடுத்தால், பக்கத்தில் உள்ள வால் கோப்பில் இருக்கும் கடைசி எழுத்துகள் விட்டுப்போகும். ஆப் ஓடும்போதே எடுப்பதானால் எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். நான் ராத்திரி அதை ஓட்டி, வரும் கோப்பை ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி வைத்து வெளி டிஸ்க்குக்கும் விபிஎஸ்ஸுக்கும் அனுப்புகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு, கடை பூட்டிய பிறகு, அந்த நகலைப் பழைய பை ஒன்றில் விரித்து ஆப்பை எழுப்பிக் கடைசிப் பத்துப் பேரின் பாக்கியைத் திரையில் படிக்கிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் விடாமல் எழுதிவரும் நோட்டில் ஒவ்வொன்றாக டிக் போடுகிறார்.